ஏழாவது பெயர்

அமுதவல்லி உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், இல்லை இருபது நிமிடம் இருக்கலாம், எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் முட்கள் வேதகிரிக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியை வீட்டில் டி.வி. மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். மறந்து வைத்தானா, மனைவிக்குக் கண் பரிசோதனை நடக்கிற இடத்தில் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் வைத்தானா என்று இப்போது யோசித்தால் இரண்டுமே உண்மைபோல் இருந்தது. மடியில் அவளுடைய கைப்பை. பெண்கள் பையை எப்படிப் பிடிப்பது என்று ஆண்களுக்கு எந்த வயதிலும் தெரிவதில்லை, தோளில் மாட்டினால் சிரிப்பார்கள், கீழே வைத்தால் அழுக்காகும் என்று அவள் சொல்வாள், அதனால் ஏதோ பூனைக்குட்டியை வைத்திருப்பதுபோல இரண்டு கையாலும் மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் மாடியில் இருந்தது அந்தப் பரிசோதனை நிலையம். ரத்தம், எக்ஸ்ரே, கண், மூன்றும் பார்த்துவிட்டு உடம்பு வேலைக்குத் தகுதியாக இருக்கிறது என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் திங்கட்கிழமையிலிருந்து வேலை. அவளுக்கு வேலை. அந்த இரண்டு வார்த்தையில் ஏதோ ஒன்று, மீன் முள் மாதிரி, விழுங்கினாலும் இறங்காமல் துப்பினாலும் வராமல் பத்து நாளாகத் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது. நல்லதுதானே, வீட்டில் ஒருத்தருக்காவது கிடைத்ததே, என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டான். நல்லதுதான். யார் இல்லை என்றது. நல்லதுதான்.

பத்து நாளைக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலையில் இருந்தார்கள். ஒரகடம் சாலையில், ஆயில் சீல் செய்கிற தொழிற்சாலை. இன்ஜினில் எண்ணெய் கசியாமல் பிடித்து நிறுத்தும் ரப்பர் வளையத்துக்கு அதுதான் பெயர், உள்ளங்கையில் அடங்கிவிடும், அது இல்லாமல் எந்தக் காரும் பத்து கிலோமீட்டர் தாண்டாது. அவன் மோல்டிங்கில், ரப்பரை அச்சில் அழுத்துகிற பிரஸ் மெஷின் ஓட்டினான், இருபது வருஷம். அவள் அடுத்த கூடத்தில், ஏசியில், லென்ஸுக்கு அடியில் அந்த வளையங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வெட்டு இருக்கிறதா பொத்தல் இருக்கிறதா என்று பொறுக்கினாள், பதினெட்டு வருஷம். அங்கேதான் பார்த்தார்கள், அங்கேதான் பேசினார்கள், முதல் ஆறு மாதம் எல்லாப் பெண்களையும்போல அவளும் அவனை அண்ணா என்றுதான் கூப்பிட்டாள், கல்யாணத்தன்று மொத்த மோல்டிங்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கார் கம்பெனிக்காரன் இந்த நாட்டில் இனிமேல் கார் செய்யப்போவதில்லை என்று கிளம்பிவிட்டான். ஆறு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு ஆயில் சீலும் மூடிக்கொண்டது. நானூற்றுப் பதினேழு பேர். கடைசி வாரத்தில் கேண்டீன் வாசலில் ஒரு தாள் ஒட்டினார்கள். முதலாளியின் தம்பி சுங்குவார்சத்திரம் பக்கத்தில் போன் சார்ஜர் செய்கிற யூனிட் வைத்திருக்கிறார், அதற்கு இங்கிருந்து பன்னிரண்டு பேரை எடுக்கிறார்கள் என்று. வேதகிரி கீழேயிருந்து மேலே படித்தான். பரீட்சை முடிவு பார்க்கிற காலத்திலிருந்து அவனுக்கு அந்தப் பழக்கம், தன் பெயர் மேலே இருக்காது என்று தெரிந்தவன் கீழேயிருந்துதான் படிப்பான். பன்னிரண்டு, பதினொன்று, பத்து, எல்லாம் பெண்கள், எல்லாம் இன்ஸ்பெக்‌ஷன். ஒன்பது, எட்டு. ஏழாவதாக வி. அமுதவல்லி. அந்த வி. அவனுடைய வி. அவன் பெயரின் இங்கிலீஷ் முதல் எழுத்து மட்டும் அந்தப் பட்டியலில் ஏறியிருந்தது, பின்னால் அவன் இல்லை. மேலே ஒன்று வரைக்கும் போய், மறுபடி கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறினான். பின்னால் நின்ற ஏகாம்பரம் தோளில் தட்டி, "உனக்கென்னப்பா, வீட்ல ஒரு ஆள் உள்ள போயிடுச்சு" என்றான். வாழ்த்துத்தான். ஏகாம்பரம் வீட்டில் யாரும் உள்ளே போகவில்லை, அவன் அப்படிச் சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும். ஆனால் வேதகிரிக்கு அந்தக் கையைத் தோளிலிருந்து தட்டிவிட வேண்டும்போல இருந்தது.

அவள் கண். எல்லாம் அந்தக் கண்ணால் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வந்த ஆள் அவள் மேஜைக்குப் பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தபோது, அவள் ஒரு வளையத்தை எடுத்து ஒரு திருப்புத் திருப்பித் தனியே வைத்தாள். அந்த ஆள் அதை லென்ஸில் வைத்துத் தேடினான், கிடைக்கவில்லை. அவள் விரல் நகத்தால் காட்டினாள், வளையத்தின் உள்விளிம்பில் முடியைவிட மெல்லிசான ஒரு கோடு. அவன் கைதட்டினான். போட்டோ எடுத்து போர்டில் போட்டார்கள், கீழே அவள் பெயர், பெரிய எழுத்தில். அந்த வளையம் இருந்த தட்டு எந்த மெஷினிலிருந்து வந்தது என்று பார்த்தபோது மூன்றாம் நம்பர் பிரஸ். வேதகிரியின் பிரஸ். அவனுக்கு மெமோ. அன்று வீட்டுக்கு வந்து, "சரியாத்தானே பாத்தேன், அதுக்கு நான் என்ன பண்றது" என்றாள், குற்ற உணர்ச்சியோடுதான் சொன்னாள், அவனும் சிரித்துக்கொண்டே, "பொண்டாட்டி கையால மெமோ வாங்குனவன் நான் ஒருத்தன்தான்" என்றான். அதைக் கேட்டு அவளும் சிரித்தாள், மகள் மதிவதனியும் சிரித்தாள். அப்போது அவனுக்குள் ஒன்று சிரிக்கவில்லை. அதை அவன் அன்றைக்குப் பார்க்கவில்லை, இல்லை, பார்த்தான், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை அவன் சொல்லமாட்டான். வயிற்றில் புளிப்பாக ஏறுகிறது, வேளைக்குச் சாப்பிடாததால் இருக்கும், அவ்வளவுதான். போன வியாழக்கிழமை இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனிக்குப் போனான். அங்கிருந்த பையன், தாடியை அழகாக வெட்டியிருந்தான், வேதகிரியின் பயோடேட்டாவை வாங்கிப் பார்த்து, "நாப்பத்தாறாங்க சார்?" என்று கேட்டான். நாற்பத்தாறு என்பது ஏதோ ஜுரத்தின் அளவு மாதிரி கேட்டான். டிரெயினிகளைத்தான் எடுக்கிறார்களாம். வரும்போது ஒரு அப்பார்ட்மெண்டில் வாட்ச்மேன் தேவை என்று எழுதியிருந்ததைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றான், அதை வீட்டில் சொல்லவில்லை. வீட்டில் அமுதவல்லி ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகிறவளின் முகம். அவளுக்கே தெரியாமல் அவள் தைக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறாள், ஒன்பதாவது படிக்கிற மகள் கீழ்வீட்டில் போய், "எங்கம்மாவுக்கு வேல கெடச்சிடுச்சு ஆன்ட்டி" என்று கத்துகிறாள். அப்பாவுக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். கேட்காததற்கும் கோபம் வந்தது.

பை அதிர்ந்தது. அவன் திடுக்கிட்டு அதைக் கீழே போடப் பார்த்தான். போன். எக்ஸ்ரே அறைக்குள் போன் கூடாது என்று பைக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தாள். ஜிப்பைத் திறந்து, கைக்குட்டை, சீப்பு, ஆதார் நகல்கள், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் தள்ளி எடுப்பதற்குள் நின்றுவிடும் என்று நினைத்தான், நிற்கவில்லை. ஒரு பெண் குரல், சின்ன வயசு. "அமுதவல்லி மேடமா?" இல்லை, அவங்க உள்ளே டெஸ்ட்டில் இருக்காங்க என்றான். "நீங்க ஹஸ்பெண்டா சார்? நல்லதாப் போச்சு. ஹெச்.ஆர்.லேர்ந்து பேசறேன். மூணு வாரத்துக்கு ஒரு வாரம் நைட் ஷிப்ட் வரும் சார். லேடீஸ்ங்கறதால வீட்ல ஓகேவான்னு கேட்டுக்கச் சொன்னாங்க. நைட் வராதவங்கள எடுக்கமாட்டாங்க. மத்தியானம் லிஸ்ட் அனுப்பணும். வருவாங்களா?" கேள்வி இவ்வளவு சின்னதாக வந்து அவன் காதில் நின்றது. வருவாங்களா. வேதகிரி எதிரே மூடியிருந்த கதவைப் பார்த்தான். அவன் வாய், அவன் எதுவும் யோசிப்பதற்கு முன்பே, வாடகை வீடு பார்க்க வந்தவனுக்குப் பதில் சொல்கிற மாதிரி மரியாதையாக, "இல்லம்மா. அது சரிப்பட்டு வராது" என்றது. "வரலையா சார்?" "வரல." "ஓகே சார், தேங்க்யூ." அவ்வளவுதான். போனில் ஒரு படம் தெரிந்தது, மூன்று பேரும் மகாபலிபுரத்தில் எடுத்தது, பிறகு அதுவும் இருண்டுவிட்டது. ஏன் சார் என்று அந்தப் பெண் கேட்பாள் என்று எதிர்பார்த்தான். யோசிச்சுச் சொல்லுங்க சார் என்பாள் என்று. ஒரு மனுஷியின் பெயரை அடிக்க இவ்வளவு குறைந்த நேரம்தான் ஆகுமா. அவனுடைய இருபது வருஷத்தையும் அப்படித்தானே அடித்தார்கள், ஒரு தாள், அதன் கீழே ஒரு கையெழுத்து.

அதற்குப் பிறகு அவனுக்குள் நடந்ததுதான் விசித்திரம். பயம் வரும் என்று பார்த்தான், வரவில்லை. தொண்டையில் இருந்த முள் இறங்கிவிட்டது. பத்து நாளில் முதல் தடவையாக மூச்சு வயிறு வரைக்கும் போய் வந்தது. மின்விசிறிக் காற்று குளிர்ந்தது, தெருவில் யாரோ பலாச்சுளை விற்கிற வாசனைகூட ஜன்னல் வழியே வந்தது. இனிமேல் அவளும் அவனும் ஒன்றுதான். காலையில் இரண்டு பேருமே எழுந்து எங்கும் போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஏதோ காரணத்தால் அவர்கள் எடுக்கவில்லையாம் என்று சொல்லிவிடலாம், பெரிய இடத்துச் சிபாரிசில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம் என்றுகூடச் சொல்லலாம், அவள் நம்புவாள், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அப்போது அவன் பக்கத்தில் போய், விடு, நான் இருக்கிறேன் என்று சொல்வான். அதைச் சொல்லும் தன் குரல்கூட அவனுக்குக் கேட்டது, கனிவான, கெட்டியான குரல். ஆறுதல் சொல்லுகிற இடத்தில் அவன் இருப்பான். எத்தனை நாளாயிற்று அந்த இடத்தில் இருந்து. அவளை அழவைத்துவிட்டு அவளுக்கே ஆறுதல் சொல்வதா என்று ஒன்று கேட்டது, சும்மா இரு என்று அவன் அதை அடக்கினான். நைட் ஷிப்ட் நல்லதில்லைதானே, வளர்ந்த பெண் வீட்டில் இருக்கிறது, நாளைக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது, ஆமாம், அதனால்தான் சொன்னேன், ஊருக்கே சொல்லலாம், நியாயமான காரணம். ஆனால் ஆயில் சீலில் அவள் நைட் ஷிப்ட் பார்த்திருக்கிறாள், மகளுக்கு ஒரு வயசு இருக்கும்போதே பார்த்திருக்கிறாள், அப்போது அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நியாயம் அந்த இடத்துக்கு வந்ததும் தட்டித் தட்டி நின்றது, அவன் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வந்தான், மறுபடி அங்கேயே நின்றது. அப்போது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. எக்ஸ்ரே முடிந்து கண் பரிசோதனை போலிருக்கிறது, கதவு சரியாகச் சாத்தவில்லை. "ப. ட. ய. ம." பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தாள். அடுத்த வரி. "ல, வ, ந, க, ச." தடுக்கல் இல்லை, யோசனை இல்லை. அடுத்தது, அதற்கும் அடுத்தது. வேதகிரி தன்னையறியாமல் எதிர்ச்சுவரில் இருந்த விளம்பரத்தைப் பார்த்தான், சர்க்கரை நோய் என்று மட்டும் தெரிந்தது, அதற்குக் கீழே எல்லாம் எறும்பு. உள்ளே ஒரு ஆண் குரல் சிரித்தது. "கடைசி வரி வேணாம்மா, அத யாரும் படிக்கறதில்ல." "தெரியுதே சார்," என்றாள் அமுதவல்லி. படித்தாள். ஒவ்வொரு எழுத்தும் ஆணி அடித்ததுபோல வந்து இறங்கியது. மறுபடி அந்தப் புளிப்பு ஏறியது, அதே நேரத்தில், எப்படி என்று அவனுக்குப் புரியவில்லை, பக்கத்து நாற்காலியில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே, "உள்ள படிக்கறது என் வீட்டுக்காரங்க" என்றான். பெரியவர், "ஆங்?" என்றார். "கடைசி வரி. என் வீட்டுக்காரங்க படிக்கறாங்க." சொன்னது தன் வாய்தானா என்று பார்த்தான். முதலில் பேசியதும் இதே வாய்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளை வேண்டாம் என்று சொன்ன வாய்.

எழுந்து மாடிப்படிக்கு வந்தான். ஹெச்.ஆர். பெண் பேசிய எண்ணைத் தட்டினான், வேறொருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது. எட்டாவது, ஒன்பதாவது பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள், அவர்கள் வீட்டிலும் எவனாவது பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மறுபடி தட்டினான். அமுதவல்லியின் இடத்துக்கு ஆள் வந்துவிட்டதாக நினைத்துப் பார்த்தான், கொஞ்ச நேரத்துக்கு முன் இனித்தது இப்போது நாக்கில் அப்பிக்கொண்டு கசந்தது. நாலாவது தடவை எடுத்தாள். "சார், நான் கேன்சல் போட்டுட்டேனே." "இல்லம்மா, வருவாங்க. வர்றாங்க." "இப்பதானே சார் வரலன்னீங்க. அவங்க வேணாம்னாங்களா?" படியில் யாரோ ஒரு கர்ப்பிணியைக் கைப்பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தார்கள், அவன் சுவரோடு ஒட்டி வழி விட்டான். "அவங்க சொல்லல. அவங்ககிட்ட கேக்கவே இல்ல. நானாத்தான் சொன்னேன்." அந்தச் சின்னக் குரல் கொஞ்சம் பெரிசாகி வந்தது. "அப்படின்னா அவங்களையே பேசச் சொல்லுங்க சார். அவங்க வாயால சொன்னாத்தான் திரும்பப் போடுவேன். பன்னண்டு மணிக்குள்ள." பன்னிரண்டுக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தான், போனில் தெரிந்தது, பதினைந்து நிமிடம். அதாவது அவளிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இதைச் சரி செய்ய வழி இருக்கும் என்று மாடிப்படிக்கு வரும்போதே நினைத்திருந்தான், இரண்டு பொய்யும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும் என்று. சும்மா இருந்துவிட்டால்கூடப் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் தானாக முடிந்துவிடும். யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் பக்கத்திலேயே, சமர்த்தாக, கூப்பிட்டால் வருகிறேன் என்று நின்றுகொண்டிருந்தது.

அவன் திரும்பி நாற்காலிக்கு வந்தபோது, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவள் வெளியே வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. "எல்லாம் நார்மலாம். யாராச்சும் கூப்பிட்டாங்களா?" இல்லை என்று சொல்ல அவன் வாய் திறந்தது. "கூப்பிட்டாங்க," என்றான். "நைட் ஷிப்டுக்கு வருவியான்னு கேட்டாங்க. நீ வரமாட்டேன்னு நான் சொல்லிட்டேன்." அவள் சிரிக்கத் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்ன சொல்றீங்க?" "வரலன்னு சொல்லிட்டேன். அப்புறம் நானே கூப்பிட்டு வருவாங்கன்னேன். நீ பேசினாத்தான் ஆச்சாம். பன்னண்டுக்குள்ள பேசு." போனை நீட்டினான். லென்ஸில் வளையத்தைத் திருப்புகிற மாதிரி அவள் அவனை ஒருமுறை பார்த்தாள், அந்த ஒரு பார்வைக்கு மேல் அவளுக்கு வேண்டியிருக்காது. போனை வாங்கி ஜன்னல் பக்கம் போனாள். "அமுதவல்லி பேசறேம்மா... ஆமா, வரேன்... நைட்டும் வரேன்... இல்ல இல்ல, வீட்டுக்காரர் வேற எதையோ நெனச்சுக்கிட்டுத் தெரியாம சொல்லிட்டாரு. நீ போடும்மா... என் எடத்துக்கு வேற ஆள்கிட்ட சொல்லிட்டியா? இன்னும் இல்லியா?... சாமி. சரிம்மா. பஸ் அஞ்சே முக்காலா? வாலாஜாபாத் கூட்ரோட்லயா? வந்துடறேன்." போனை வைத்தாள். திரும்பாமலே, "தெரிஞ்சுதானே சொன்னீங்க" என்றாள். "தெரிஞ்சுதான்." "ஏன்?" அவன் அந்த வார்த்தையைத் தேடவில்லை, அது வெகுநாளாக வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. "பொறாமை" என்றான். எவ்வளவு சின்னச் சத்தம். பெரியவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அமுதவல்லி கையிலிருந்த பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு சண்டை போடுகிற குரலில் இல்லாமல், கணக்கு டீச்சர் விடையைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "பதினோரு வருஷம் நான் காண்ட்ராக்ட்ல இருந்தேன். நீங்க பர்மனென்ட் கார்டு கழுத்துல ஆட ஆட என் முன்னாடி கேட்டுக்குள்ள போவீங்க. எங்களுக்குத் தனி வரிசை. தீபாவளிக்கு உங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் பெருசு, எனக்குச் சின்னது, ரெண்டையும் ஒரே வீட்டுக்குக் கொண்டுவருவோம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? பத்திக்கிட்டு எரியும். ஆனா எவன்கிட்டயும் போய் இவர வேணாம்னு சொல்லுங்கன்னு நான் சொல்லல." அவனுக்கு அது தெரியாது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே படுத்திருந்தும் தெரியாது. அந்த இனிப்புப் பெட்டிகளைப் பிரித்து அடுக்கியது ஞாபகம் வந்தது, பெரிய பெட்டியை எப்போதும் அவனே பிரிப்பான், அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள், சிரிப்பாள், அது சந்தோஷம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

தாளை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள். தெருமுனை ஹோட்டலில், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, ரத்தம் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க, என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். ஊத்தப்பம் வந்தது. அவனைப் பார்க்காமல் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். "அஞ்சே முக்கால் பஸ். அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கணும். கூட்ரோடு வரைக்கும் நீங்கதான் வண்டியில கொண்டாந்து விடணும்," என்றாள். "ம்," என்றான். "ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. தினமும். நைட் ஷிப்டுக்கும்." "சரி." "பஸ் வர்ற வரைக்கும் நிக்கணும். விட்டுட்டு ஓடக் கூடாது." அந்த இருட்டில், கம்பெனி பஸ் வெளிச்சத்தோடு வந்து நிற்பதையும், உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆட்களையும், அவள் ஏறி ஜன்னலோரம் போவதையும், கதவு மூடியபின் சாலையில் தான் மட்டும் வண்டியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பதையும் அவன் பார்த்தான். தினமும். அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்கிறாள். "நிக்கறேன்," என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சாம்பார் கேட்டாள், இன்னொரு தடவை கேட்டாள், விரல்களால் தட்டை வழித்தாள். பத்து நாளாக எதைச் சாப்பிட்டாலும் மண்ணாக இருந்த வேதகிரி, டீ ஆறுவதைக்கூடக் கவனிக்காமல், அவளுக்கு இப்படிப் பசிப்பதையே பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.